டி23, டிஸ்கோ எட்டி, அப்புறம் எங்க மாமாவோட தொட்டி ராட்டினம்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஆணி அதிகமாகி, அப்படியே கெடப்புல போட்டிருந்த பதிவு இது. நடந்தது 2024 ஆகஸ்ட்ல. இப்பவாச்சும் எழுதலைன்னா மறந்தே போயிடும். கொஞ்சம் நீளம்தான் மக்களே, டீ எதாச்சும் பக்கத்துல வெச்சுக்கிட்டு உக்காருங்க.

விஷயம் என்னன்னா, அடியேன் அமெரிக்காவுல ஒரு ரசிகர் மாநாட்டுக்குப் போயிருந்தேன். ரசிகர் மாநாடுன்னதும் கட்அவுட், பாலாபிஷேகம்னு நெனச்சுக்காதீங்க. (கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்துச்சுங்கறது வேற விஷயம்.) நடிகருங்க, படம், பாட்டு எல்லாம் இருந்துச்சு. ஆனா நான் போனது ராட்டினம் செஞ்சவங்களைப் பாக்க!

மாநாட்டுக்குப் பேரு டி23. டி-ன்னா டிஸ்னி. 23-ன்னா 1923, வால்ட் டிஸ்னி கலிஃபோர்னியாவுக்கு வந்து அண்ணனோட சேந்து கம்பெனி ஆரம்பிச்ச வருஷம். 2009ல மொத தடவையா அனாஹைம்ல நடத்துனாங்க. டிஸ்னிலேண்ட் இருக்குற அதே ஊரு. 2024ல ஆகஸ்ட் 9, 10, 11னு மூணு நாள்.

பொட்டி தட்டுறவனுக்கு ராட்டினத்து மேல என்னடா கிறுக்குன்னு கேப்பீங்க. ஏழாவது படிக்கிறப்ப ஸ்கூல் டூர்னு பரவைல இருக்குற அதிசயம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தாடிக்கொம்புல இருந்து மதுரை ரோட்டுல போனா ஒன்றரை மணி நேரம். எல்லாப் பயலும் தண்ணிக்குள்ள குதிச்சுக்கிட்டு இருக்க, நான் மட்டும் ஒரு ராட்டினத்துக்கு அடியில குனிஞ்சு மோட்டார் எங்க இருக்குன்னு தேடிக்கிட்டு இருந்தேன். பி.டி. வாத்தியார் காதைப் புடிச்சு இழுத்துட்டு வந்தார். அன்னைல இருந்து புடிச்ச கிறுக்கு. காலேஜ்ல பாடத்தைப் படிச்சதை விட ரோலர் கோஸ்டர் எப்படி நிக்குது, எப்படித் திரும்புதுன்னு படிச்சதுதான் அதிகம்.

ஆன்சைட்ல என்னைய போட்ட எடம் மவுண்டன் வியூ. இங்க ஒரு சங்கதி சொல்லியே ஆகணும். இப்ப கம்ப்யூட்டர் கம்பெனியா நெறைஞ்சு கெடக்குற இதே மவுண்டன் வியூல, 1946ல சில பேரு சேந்து ஆரோ டெவலப்மென்ட்னு ஒரு பட்டறை ஆரம்பிச்சாங்க. நம்ம திண்டுக்கல் லேத் பட்டறை மாதிரி ஒண்ணுன்னு வெச்சுக்கங்களேன். சிலிக்கான் வேலிங்கற பேரே அப்ப கெடையாது. 1955ல டிஸ்னிலேண்ட் தொறக்குறப்ப அங்க ஓடுன பல சவாரிகளுக்கு வண்டி செஞ்சு குடுத்தது இவங்கதான். அதுக்கப்புறம் 1959ல மேட்டர்ஹார்ன். அதுவரைக்கும் ரோலர் கோஸ்டர்னா மரச்சட்டம், அது மேல இரும்புப் பட்டை, தடதடன்னு ஓடும். கார்ல் பேக்கன், எட் மார்கன்னு ரெண்டு பேரும் இரும்புக் குழாயை வளைச்சுத் தண்டவாளமா போட்டாங்க. குழாய்ங்கறதால எந்தப் பக்கம் வேணா வளைக்கலாம், சக்கரம் வழுக்கிக்கிட்டு ஓடும். இன்னைக்கு உலகத்துல தலைகீழாச் சுத்துற இரும்புக் கோஸ்டர் அத்தனைக்கும் இதுதான் தாத்தா. நான் தெனமும் சாம்பார் சாத டப்பாவோட ஆபீசுக்குப் போற ஊர்ல நடந்த சமாச்சாரம் இது! ஆபீஸ்ல கேட்டா ஒருத்தனுக்கும் தெரியல.

வியாழக்கிழமை சாயந்திரம் டமேஜர்கிட்ட வயித்துவலின்னு சொல்லிட்டு (டமேஜருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பயமில்ல) கார எடுத்தேன். அஞ்சாம் நம்பர் ஹைவேல ஆறு மணி நேரம். கூட வர்றேன்னு டிக்கெட் எடுத்த ரூம்மேட் கடைசி நேரத்துல அப்பீட்டு. தனியாவே போனேன்.

மொத ரெண்டு நாளைப் பத்தி வேகமா சொல்லிடறேன். பகல்ல அனாஹைம் கன்வென்ஷன் சென்டர், ராத்திரி பக்கத்துல ஹோண்டா சென்டர்னு ஒரு பெரிய ஸ்டேடியத்துல நிகழ்ச்சி. எங்க பாத்தாலும் வேஷம் போட்ட கூட்டம். அறுபது வயசுத் தாத்தா மிக்கி காது மாட்டிக்கிட்டு வர்றார். கழுத்துப் பட்டையில நூறு நூத்தம்பது பின்னு குத்தி வெச்சு, எதிர்ல வர்றவங்ககிட்ட மாத்திக்கிறாங்க. நாம சின்ன வயசுல தீப்பெட்டிப் படம் மாத்திக்குவோமே, அதே வேலை. பழைய வண்டிகளை வரிசையா நிறுத்தி ஒரு கண்காட்சி வெச்சிருந்தாங்க. படத்துல வந்த காரு, பார்க்ல ஓடுன வண்டின்னு. நான் அங்கயே பாதி நாளைக் கழிச்சேன். சனிக்கிழமை ராத்திரி புதுசா கட்டப்போறதை எல்லாம் அறிவிச்சாங்க. வில்லன்களுக்குன்னு தனி உலகம், வால்ட் டிஸ்னியையே பேசி எந்திரிக்கிற பொம்மையா செய்யப்போறோம்னு (அது 2025 ஜூலைல டிஸ்னிலேண்டோட எழுவதாவது பொறந்தநாளுக்கு வந்துச்சு). ஒவ்வொரு அறிவிப்புக்கும் விசில் பறக்குது. நம்மூர்ல மொத நாள் மொத ஷோ தோத்துச்சு.

நான் காத்துக்கிட்டு இருந்தது ஞாயித்துக்கிழமைக்கு. அன்னைக்குத்தான் 'டிஸ்னி லெஜண்ட்' விருது. மொத்தம் 14 பேரு. ஹாரிசன் ஃபோர்ட், ஜேம்ஸ் கேமரூன், மைலி சைரஸ்னு பெரிய பெரிய தலைங்க. எனக்கு அதுல ஒரே ஒருத்தர்தான் கணக்கு. ஜோ ரோடி.

இவரைத் தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன கொசுவத்தி. 1980ல டிஸ்னியில சேந்தவர். ஃப்ளோரிடாவுல 1998ல தொறந்த அனிமல் கிங்டம் பார்க் இவரோட கொழந்தை. பார்க்ல மிருகத்தைப் பாக்குறதுல என்னய்யா திரில் இருக்குன்னு மேலிடத்துல கேட்டப்ப, மீட்டிங் ரூமுக்குள்ளயே உயிரோட ஒரு வங்கப்புலியைக் கூட்டிட்டு வந்து காட்டுன ஆளு! நானும் எத்தனையோ டெமோ குடுத்திருக்கேன், அந்த ஐடியா தோணல. வேலையில இருந்தப்ப இடது காதுல கொத்தா வளையம் தொங்கும், ஊர் ஊராப் போறப்ப சேத்தது. போட்டோவுல மொதமொத பாத்தப்ப எங்க அப்பத்தாவோட பாம்படம்தான் ஞாபகம் வந்துச்சு.

அந்தப் பார்க்குக்குள்ள ஆனந்தபூர்னு ஒரு கற்பனை ஊரே கட்டியிருக்காங்க. இந்தியா, நேபாளம் எல்லாம் சுத்திப் பாத்துட்டு வந்து கட்டுனது. செவுத்துல கையால எழுதுன வெளம்பரம், காரை பேந்த மண்டபம், பாழடைஞ்ச அரண்மனைக்குள்ள புலி. புதுச் செவுத்தைப் பழசாக் காட்ட தனியா ஆளு, தனியாப் பெயின்ட்டு. எங்க ஊர்ல அதெல்லாம் தானாவே நடக்குது :-)

இவரை எனக்குப் புடிக்க முக்கியக் காரணம் ஒரு பக் (கம்ப்யூட்டர் பக்தான்). எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்னு ஒரு கோஸ்டர், 2006ல வந்தது. பனிமலைக்குள்ள ரயில் ஓடும், கடைசியில சுமார் 25 அடி உயர எட்டி, அதான் பனிமனுஷன், பாஞ்சு வந்து கைய வீசும். வீசுச்சு, கொஞ்ச மாசம். அப்புறம் நின்னு போச்சு. உடனே என்ன பண்ணாங்க? மினுக் மினுக்னு லைட்டைப் போட்டு அது ஆடுற மாதிரி ஒரு தோற்றம் குடுத்துட்டாங்க. ரசிகருங்க அதுக்கு வெச்ச பேரு 'டிஸ்கோ எட்டி'. 2013ல இதே டி23 மேடையில ஒருத்தர் ரோடிகிட்ட நேராவே கேட்டுட்டார். கட்டி முடிச்ச மலைக்கு நடுவுல கோபுரத்து மேல நிக்கிற ராட்சச மிஷினு, சரி பண்றது லேசில்ல, ஆனா ஒரு நாள் நிச்சயம் பண்ணுவேன்னு சத்தியம் பண்ணார். 2021ல ரிட்டயர் ஆயிட்டார். நான் போன 2024லயும் எட்டி அப்படியேதான் நின்னுச்சு. ப்ரொடக்‌ஷன்ல போன பக், தற்காலிக பேட்ச், அதுவே நிரந்தரம், எழுதுனவன் வேலைய விட்டுப் போயாச்சு... நம்ம பொழப்பு தெரிஞ்ச யாரு இந்த மனுஷனை நேசிக்காம இருக்க முடியும்?

ரோடி மேடைக்கு வந்தப்ப கெளம்புச்சு பாருங்க ஒரு சத்தம். மனுஷன் நடிகர் இல்ல, பாடகர் இல்ல. மலை கட்டுனவர், மரம் நட்டவர். அதே மேடையில மார்த்தா பிளாண்டிங்னு ஒரு அம்மாவுக்கும் விருது. 1971ல டிஸ்னிலேண்ட்ல டூர் கைடா சேந்தவங்க, அங்க முழுநேர டூர் கைடான மொத கறுப்பினப் பெண். அவங்களுக்கும் எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க. வந்தவங்களுக்கு வழி காட்டுன வேலைக்கு! என்னவோ தெரியல, தொண்டைய அடைச்சுக்கிச்சு.

எங்க ஊரு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கு வந்திருக்கீங்களா? தாயார் சன்னதி முன்மண்டபத் தூண்ல ஆளுயரத்துக்கு மேல சிலைங்க. உலகளந்த பெருமாள், இரணியன் குடலை உருவுற நரசிம்மர், அகோர வீரபத்திரர், மன்மதன், ரதி. நரம்பு தெரியும், நகம் தெரியும். சின்ன வயசுல அந்த நரசிம்மர் பக்கமே நான் போக மாட்டேன், அவ்வளவு பயம். ஒரு தீம் பார்க் செய்ய வேண்டிய வேலைய ஒரு ஒத்தைக் கல்லு செஞ்சிருக்கு! தேய்பிறை அஷ்டமிக்கு பைரவரைக் கும்பிட எங்கெங்கிருந்தோ வர்ற கூட்டம், அந்தத் தூணுங்களைத் தாண்டிப் போகுது. செதுக்குனவன் பேரு யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்ல.

நம்ம பார்க்குங்களும் அப்படித்தான். தாம்பரம் பக்கத்துல 1995ல வந்த கிஷ்கிந்தா ஞாபகம் இருக்கா? அதை ஆரம்பிச்சவர் நவோதயா அப்பச்சன். 1984ல இந்தியாவோட மொத 3டி படம் 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்தவர். சினிமாக்காரர் பார்க் கட்டுனார்ங்கறப்ப அப்படியே வால்ட் டிஸ்னி கதை. 2012ல காலமானார். அந்தப் படத்துல பசங்க செவுத்துல, கூரையில எல்லாம் நடப்பாங்களே, அறையே சுத்துற மாதிரி செட்டு, அது கலை இயக்குனர் கே. சேகர் யோசிச்சது. இந்த ரெண்டு பேரையும் எத்தனை பேருக்குத் தெரியும்? முதலாளி பேராச்சும் எப்பவாச்சும் போர்டுல இருக்கும். செஞ்சவன் பேரு இருக்கவே இருக்காது.

டிஸ்னிலேண்ட்ல இதுக்கு ஒரு வழி வெச்சிருக்காங்க. வாசல்ல நொழைஞ்சதும் ஒரு கடைத்தெரு. மாடி ஜன்னல்கள்ல எல்லாம் கடை வெளம்பரம் மாதிரி பேரு எழுதியிருக்கும். வக்கீல், டாக்டர், காண்ட்ராக்டர்னு. கடை பூரா கற்பனை, அதுல உள்ள பேரு பூரா பார்க்கைக் கட்டுனவங்க பேரு. ஒரு ஜன்னல்ல 'எலையஸ் டிஸ்னி, காண்ட்ராக்டர், 1895'ன்னு இருக்கும். வால்ட்டோட அப்பா. ஊர் ஊரா வேலை தேடி அலைஞ்சு, நொடிச்சுப் போன மனுஷன். பையன் பேரு எழுதி வெச்சான்.

இதை எல்லாம் எனக்கு அன்னைக்கு வெளக்கிச் சொன்னது பக்கத்து சீட்டு அம்மா. எழுவது வயசிருக்கும், தொப்பி பூரா பின்னு. பேச்சுவாக்குல, "உங்க ஊர்ல ராட்டினம் எல்லாம் உண்டா? யாரு செய்வாங்க?"ன்னு சாதாரணமாக் கேட்டாங்க.

"உண்டு. யாருன்னு தெரியல"ன்னு சொல்லிட்டேன்.

சொன்ன அடுத்த நொடி வயித்துக்குள்ள ஏதோ பெசஞ்சுச்சு. (டமேஜர்கிட்ட சொன்ன பொய் பலிச்சுடுச்சு.) ஏன்னா எனக்குத் தெரியும். இதே பொய்ய நான் ரெண்டாவது தடவையா சொல்றேன்.

எங்க பெரிய மாமா, அம்மாவோட அண்ணன், ராட்டினக்காரர். தொட்டி ராட்டினம். மேல கீழ சுத்துமே, அது. மோட்டார் கெடையாது. ரெண்டு ஆளு சட்டத்து மேல ஏறி உச்சியில தொங்குவாங்க, அவங்க கனத்துக்குச் சக்கரம் கீழ வரும், கீழ வந்ததும் குதிச்சு மறுபடி ஏறணும். சித்திரையில தாடிக்கொம்பு, மாசியில திண்டுக்கல் கோட்டை மாரியம்மன், நத்தம் மாரியம்மன், அப்புறம் தேனிப் பக்கம் வீரபாண்டின்னு வருஷம் பூரா சுத்துவார். எட்டுத் தொட்டி. ஒவ்வொண்ணுலயும் எங்க வீட்டுப் புள்ளைங்க ஒவ்வொருத்தர் பேரு, மஞ்சப் பெயின்ட்டுல, இனிஷியலோட. அஞ்சாவது தொட்டி என்னோடது.

2016 மாசித் திருவிழா. காலேஜ்ல மொத வருஷம். கூடப் படிக்கிற பசங்க நாலு பேரு கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு வந்தானுங்க. எல்லாம் நல்ல வசதியான பசங்க. சுத்திக்கிட்டு வர்றப்ப ராட்டினத்துக்கிட்ட வந்துட்டோம். மாமா உச்சியில இருந்து தொங்கிக்கிட்டு இருக்கார், அழுக்கு பனியன், மடிச்சுக்கட்டுன கைலி. ஒருத்தன் தொட்டியப் பாத்துட்டு, "டேய், இனிஷியலோட உன் பேருடா! யார்ரா இவங்க?"ன்னான்.

"யாருன்னு தெரியலடா, வேற யாராச்சும் இருக்கும்."

மாமா எறங்கிட்டார். மூணடி தள்ளி நிக்கிறார். எப்பவும் தூரத்துல பாத்தாலே "மாப்ள!"ன்னு கத்துற ஆளு. என் மூஞ்சிய ஒரு பார்வ பாத்தார். "என்ன தம்பி, ஏறுறீங்களா? காலேஜ் புள்ளைங்களா? வாங்க வாங்க"ன்னார். தம்பின்னார். 'ங்க' போட்டார். எங்க அஞ்சு பேரையும் ஒரே பக்கமா உக்காரவிடாம, எதிரெதிர் தொட்டியில பிரிச்சுப் பிரிச்சு உக்கார வெச்சார். காசு குடுத்தப்ப வாங்கிக்கிட்டு, மீதி சில்லறையும் சரியா எண்ணிக் குடுத்தார்.

இதை இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. வீட்டுலயும்.

ஹோட்டலுக்கு வந்ததும் போன் போட்டேன். ராத்திரி பத்தரை, அங்க திங்கக்கிழமை காலைல பதினொண்ணு. மாமா இப்ப ராட்டினம் ஓட்டுறதில்ல. மோட்டார் ராட்டினம் வந்தப்புறம் இதுக்குக் கூட்டம் வரல, முட்டியும் போச்சு. ஒரு தென்னந்தோப்பைப் பாத்துக்கிட்டு இருக்கார்.

"மாமா, அந்த ராட்டினம் யாரு செஞ்சது?"

"என்னடா நடுராத்திரியில கேள்வி? நாந்தான்."

எனக்குத் தெரியாது. எங்கயோ வாங்குனதுன்னே இத்தனை வருஷமா நெனச்சிருக்கேன். அப்புறம் கால் மணி நேரம் நிறுத்தாம சொன்னார். நடு அச்சுக்கு லாரியோட பழைய ஹப்பு, பேரிங்கோட. தொட்டி திண்டுக்கல்ல ஒரு பட்டறையில, பக்கத்துலயே உக்காந்து வெல்டிங் வெச்சது. தொட்டி கவுந்துடாம இருக்கணும்னா மாட்டுற ஆணி உக்கார்ற பலகையை விட எவ்வளவு மேல இருக்கணும்ங்கறதுக்கு, மொதல்ல தேங்காச் செரட்டையில கயிறு கட்டி ஆட்டிப் பாத்தாராம். ஆளை எதிரெதிரா உக்கார வெக்கிறது எதுக்குன்னா, ஒரு பக்கம் கனம் ஏறிட்டா மேல தொங்குறவன் கை போயிடும். "கூட்டம் கொறைவா இருந்தா எதிர்த் தொட்டியில மணல் மூட்டை வெப்பேன் மாப்ள." நாங்க ஆபீஸ்ல லோடு பேலன்சிங்னு சொல்லி மாசக்கணக்கா மீட்டிங் போடுற சமாச்சாரம்!

"இப்ப எங்க மாமா அது?"

"சட்டம் பூரா எடைக்குப் போட்டாச்சு. ரெண்டு தொட்டி தோப்புல கெடக்கு. ஒண்ணுல கோழி அடையுது."

"எதெது?"

"பேரெல்லாம் அழிஞ்சு போச்சுடா. யாரு கண்டா."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. நான்தான் ஆரம்பிச்சேன். "மாமா, அன்னைக்கு கோட்டை மாரியம்மன் திருவிழாவுல, பசங்களோட வந்தப்ப..."

"அங்க இருக்குற ராட்டினம் எல்லாம் பாத்தியா?"ன்னு குறுக்க கேட்டார்.

"இனிமேதான் மாமா. நாளைக்கு டிஸ்னிலேண்ட் போறேன்."

"டிக்கெட்டு எவ்வளவு?"

ஒரு நாளைக்கு, நாளைப் பொறுத்து, 104 டாலர்ல இருந்து 194 டாலர் வரைக்கும்னு சொன்னேன். ரூவாயில சொல்லுன்னார். எட்டாயிரத்து எழுநூறுல இருந்து பதினாறாயிரத்துச் சொச்சம்.

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு போனைப் பாத்தேன். அப்புறம் கேட்டார்.

"மோட்டார் வெச்சதா, கையால சுத்துறதா?"